மிதந்த அரிசி

இந்தப் பக்கம் உட்காருங்கள் அக்கா, இங்கே வெயில் வராது. ரேஷன் கார்டு வேலையா? டோக்கன் எத்தனை? நாற்பத்தாறா... இப்போதுதான் முப்பத்தொன்று ஓடுகிறது. எனக்கு டோக்கன் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். விசாரணைக்கு வந்திருக்கிறேன். அப்படிப் பார்க்காதீர்கள், நான் எதையும் திருடவில்லை. சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். கடிதத்தில் சாட்சி என்றுதான் போட்டிருக்கிறது.

அதோ, ஆபீஸர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் வடிவு அக்கா. சண்முகவடிவு. எங்கள் ஊர் ரேஷன் கடையில் பன்னிரண்டு வருடம் எடை போட்டவர். நாலு மாதமாக சஸ்பெண்டில் இருக்கிறார். விசாரணை அவர் மேல்தான். இன்றைக்கு நான் உள்ளே போய் என்ன சொல்கிறேனோ, அதை வைத்துத்தான் அவருக்கு வேலை உண்டா இல்லையா என்று எழுதப்போகிறார்கள். கொஞ்சம் கிட்டே வாருங்கள். என் குரலே இவ்வளவுதான். அவர் காதில் விழ வேண்டாம்.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். அரிசி மிதந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்ததே, அப்போது. மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏட்டி சுகா, இங்க வந்து பாரு. இது என்னது, அரிசிதானா?" என்றாள். பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு மாதிரி அரிசி கிடந்தது. வெளுப்பாக, வழவழவென்று, எல்லாம் ஒரே அளவாக, அச்சில் வார்த்த மாதிரி. பத்துப் பதினைந்தைப் பொறுக்கி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். கூடவே சாதாரண அரிசியும் ஒரு பிடி. அது அடியில் போய்விட்டது. இது மட்டும் மேலேயே நின்றது.

"ஏட்டி, பிளாஸ்டிக்கா?" என்றாள் அம்மா. அவள் ஃபோனுக்கு ஏற்கெனவே பிளாஸ்டிக் அரிசி என்று ஏதோ ஒன்று வந்திருந்தது. யார் அனுப்பியது என்று அவளுக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒரு சேனல் இருந்தது. எங்கள் தாத்தா சொன்ன கதைகளை ஃபோனில் பேசிப் பேசிப் போடுவேன். ஒரு கதையை நாற்பது பேர் கேட்பார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் தெரியாமல் கை பட்டுத் திறந்தவர்கள். தாத்தா கதைகளில் ஒரு வழக்கம் உண்டு அக்கா. கேட்கிறவர்கள் கொட்டாவி விடுகிற இடத்தில் எங்கிருந்தாவது ஒரு யானை வந்துவிடும். ராஜா கதையாக இருந்தாலும் சரி, எலி கதையாக இருந்தாலும் சரி. யானை எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வந்தால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

முதல் தடவை எடுத்த வீடியோவில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். "எங்க வீட்டு ரேஷன் அரிசியில இப்படிக் கெடக்கு. தண்ணியில மிதக்குது. இது என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க." அவ்வளவுதான். அதை அப்படியே போட்டிருந்தால் இன்றைக்கு இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஓட்டிப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாம் தடவை, மிதந்த அரிசியில் ஒன்றை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். கருகிச் சுருண்டு இடுக்கியோடு ஒட்டிக்கொண்டது. "பாருங்க, பிளாஸ்டிக் உருகுற மாதிரியே உருகுது" என்றேன். கிண்ணத்தின் அடியில் கிடந்த சாதாரண அரிசியிலும் ஒன்றை எடுத்து அதே தீயில் காட்டியிருக்கலாம். பக்கத்திலேயேதான் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் கடையைப் பற்றியும் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னேன். அது பெரிதில்லை. அப்புறம் சொல்கிறேன்.

மூன்று மணிக்குப் போட்டேன். விளக்கு வைப்பதற்குள் எட்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இரண்டு லட்சம். எந்தெந்த ஊர்க்காரர்களோ எழுதினார்கள். "இந்தப் பிள்ளை குரலைக் கேட்டாலே தெரியுது, இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் தனியாக எடுத்து ஃபோனில் வைத்துக்கொண்டேன். அம்மா தெருவில் போனால் நாலு பேர் நிறுத்தி, "உன் மக துணிச்சக்காரிதான்" என்றார்கள். துணிச்சல் என்றால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் அக்கா. பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவள் நான்.

வீடியோ போட்ட மறுநாளே கடை திறந்ததும் சனம் போய் நின்றது. எங்கள் தெருப் பெண்கள் அரிசியைப் பையோடு கொண்டுபோய் வாசலில் கொட்டினார்கள். நானும் போயிருந்தேன். வா வா என்று கூட்டிக்கொண்டு போனார்கள், போகாமல் இருக்க முடியுமா? வடிவு அக்கா தராசை விட்டுவிட்டு வெளியே வந்தார். "இது சத்து அரிசிம்மா. அரிசி மாவுல இரும்புச் சத்தெல்லாம் சேத்து அச்சுல செய்யுதாங்க. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்து வருது. தண்ணியில மிதக்கத்தான் செய்யும். சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கேனே, யாராவது வாசிச்சியளா?" என்றார்.

"நோட்டீஸ் எதுல ஒட்டுன, பிளாஸ்டிக்லயா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை.

அந்த நோட்டீஸ் எனக்குத் தெரியும் அக்கா. மாதாமாதம் வரிசையில் நிற்கும்போது அதில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு வடிவு அக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். கூட்டத்துக்கு நடுவில் நேராக என்னைப் பார்த்து, "ஏம் பிள்ள, நீ என்னைக்கு என்னய பாத்த?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பொருளைத் தொலைத்தவர்கள் கேட்பார்களே, கடைசியாக எங்கே பார்த்தாய் என்று, அப்படிக் கேட்டார்.

நான் முன்னால் நின்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். "அவளத்தான் மிரட்டுதியோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கொட்டிக் கிடந்த அரிசியை யாரோ அள்ளி அவர் முகத்தில் எறிந்தார்கள். மழைத் தண்ணீரில் ஊறின அரிசி. கண்ணாடியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவர் துடைக்கக்கூட இல்லை, அப்படியே உள்ளே போய்த் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் இந்த ஆபீஸ் ஜீப் வந்தது. கடையைப் பூட்டி சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

எறிந்தது நான் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கல்லூரி வாத்தியார் வீடியோவுக்குக் கீழே எழுதினார். "தங்கச்சி, சாதாரண அரிசியையும் ஒருமுறை தீயில் காட்டிப் பாருங்கள்." ஒரே வரி. திட்டவில்லை, ஒன்றுமில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வரியை அழித்தேன். அழித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. சாதாரண அரிசி ஒன்றை எடுத்துக் காட்டினேன். கருகிச் சுருண்டு இடுக்கியோடு ஒட்டிக்கொண்டது. இன்னொன்றைக் காட்டினேன். அதுவும் அப்படித்தான். கடையில் வாங்கின பொன்னி அரிசி கொஞ்சம் இருந்தது, அதையும் காட்டினேன். இடுக்கி முழுக்கக் கரி. அம்மா வந்து, "என்னட்டி தீஞ்ச நாத்தம்?" என்றாள். பால் பொங்கிவிட்டது என்றேன்.

அன்றைக்கே வீடியோவையும் அழித்துவிட்டேன். ஆனால் அது என் கையிலா இருந்தது? எல்லோருடைய ஃபோனிலும் இருந்தது. அப்புறம் இன்னொரு வீடியோ போட்டேன். நான் சொன்னது தப்பு, அது சத்து அரிசிதான், எந்த அரிசியை எரித்தாலும் அப்படித்தான் ஆகும் என்று. அறுபத்தொரு பேர் பார்த்தார்கள். "சிஸ்டர், யார் மிரட்டுறாங்க? அடுத்த வீடியோவில் பச்சைச் சுடிதார் போடுங்க, நாங்க புரிஞ்சுக்கிறோம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். நாலு பேர் அவனுக்குக் கைதட்டியிருந்தார்கள். ஒரு மாதம் பச்சையையே தொடவில்லை நான்.

மன்னிப்புக் கேட்டாயிற்று, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரி, அந்த ஒன்றிரண்டு வார்த்தை. சொல்லிவிடுகிறேன், இனிமேல் எப்போது கூப்பிடுவார்களோ.

அன்றைக்கு இரண்டாம் தடவை எடுத்ததும் எனக்குப் போதவில்லை. எங்கோ ஒரு இடத்தில் தொய்ந்த மாதிரி இருந்தது. அப்போது பக்கத்து வீட்டுத் தங்கமாரி சித்தி, எங்கள் திண்ணையில் காயப்போட்ட துணியை எடுக்க வந்தவள், "காலையில ரேஷன் கடை பொறத்தால ஒரு லோடு வண்டி நின்னுதுன்னு சொல்லிக்கிட்டாவ, மூட்டையெல்லாம் ஏத்துனாளாம்" என்று போகிற போக்கில் சொன்னாள். அவளும் பார்க்கவில்லை. யாரோ சொல்லிக் கேட்டது. மூன்றாம் தடவை எடுக்கும்போது நான் சொன்னேன்: "இன்னைக்குக் காலையில கடைக்குப் பின்னால ஒரு வண்டி நின்னுச்சு. நல்ல அரிசி மூட்டைய ஏத்திவிட்டு, வேற மூட்டைய எறக்குனாங்க. கடைக்கார அம்மா நின்னு எண்ணிக்கிட்டு இருந்தாங்க. நான் பாத்தேன்."

கேட்டால் நம்பாமல் இருக்க முடியாது அக்கா, அப்படிச் சொன்னேன். வண்டிச் சக்கரத்தில் சேறு ஒட்டியிருந்தது என்றுகூட ஒரு வார்த்தை போட்டேன். மழைக்காலம், சேறு இருக்கத்தானே செய்யும்? யானையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

வண்டி நின்றது நிஜம்தான். மழையில் கடைக் கூரை ஒழுகியிருக்கிறது. மூட்டை நனையக் கூடாதே என்று வடிவு அக்கா ஒரு குட்டி யானையை... சிரிக்காதீர்கள், அந்தச் சின்ன லோடு வண்டியைத்தான் அப்படிச் சொல்கிறோம், நான் வேண்டுமென்று சொல்லவில்லை... அதைப் பிடித்து மூட்டைகளைப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார். எங்கள் அரிசி நனையாமல் இருக்கத்தான். மேலிடத்தில் சொல்லி அனுமதி வாங்கவில்லை, அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. இப்போது அந்தத் தப்புக்கு மேல் என் வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. மூட்டை மாற்றியதைக் கண்ணால் கண்ட சாட்சி என்று ஊரிலேயே ஒருத்திதான். நான்.

அப்புறம் ஒரு வீடியோ போட்டு மன்னிப்புக் கேட்டேனே, அதில் அரிசியைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். வண்டியைப் பற்றிப் பேசவில்லை. அரிசி விஷயம் தெரியாமல் செய்தது. வண்டி...

அம்மா காலையில் சொல்லி அனுப்பினாள். "ஞாவகம் இல்லன்னு சொல்லிட்டு வந்துரு. பாக்கலன்னு சொன்னா ஒன்னயத்தான் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பாவ. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போற பிள்ள." ஞாபகம் இல்லை என்பது பொய் ஆகாதுதானே அக்கா? நாலு மாதம் ஆயிற்று. யாருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்? தூரத்தில் ஏதோ பார்த்த மாதிரி இருந்தது என்று சொன்னால் அவருக்கும் கெடுதல் இல்லை, எனக்கும்...

கூப்பிடுகிறார்கள். சுகப்பிரியா, ஆமாம், நான்தான். என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

இன்னும் இருக்கிறீர்களா? நல்லவேளை. தண்ணீர் இருக்கிறதா? ஒரு வாய் போதும்.

மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஆபீஸர், ஓரத்தில் வடிவு அக்கா. "எந்த இடத்துல நின்னு பாத்தீங்க?" என்று ஆபீஸர் கேட்டார். "சரியா ஞாபகம் இல்ல சார்" என்றேன். "கிட்டயா, தூரத்துலயா?" "தூரத்துல... மாதிரிதான் சார்." அவர் எழுத ஆரம்பித்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவர். "சற்றுத் தொலைவிலிருந்து மூட்டைகள் மாற்றப்படுவதைக் கண்டதாக..." என்று. வடிவு அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேனா எழுத்து எழுத்தாக நகருவதை.

"பாக்கல சார்" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. ஆபீஸர், "என்னம்மா?" என்றார். "பாக்கவே இல்ல சார். ஒருத்தங்க சொன்னாங்க. அவங்களும் பாக்கல."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கும்மா பாத்தேன்னு சொன்ன?"

என்ன காரணம் சொல்லலாம் என்று தேடினேன் அக்கா. "சொல்லும்போது நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.

மூலையில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த கிளார்க் அம்மாகூட நிறுத்திவிட்டார். ஆபீஸர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். நான் சொன்னதையெல்லாம் எழுதி, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். போலீஸுக்குப் போகுமா என்று கேட்டேன். "அத நாங்க பாத்துக்கிடுதோம், நீ போ" என்றார். போகுமா, போகாதா, தெரியவில்லை.

வெளியே வந்ததும் வடிவு அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். காலைத் தொட்டிருக்க வேண்டும். மன்னிச்சிருங்க என்று பாதிதான் சொன்னேன், அவர் ஃபைலுக்கு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். "வேலை திரும்பக் கெடைக்கும்ங்காவ. இந்த ஊர்க் கடை இல்ல, வேற எங்கயாவது" என்றார். அப்புறம், "எங்க வீட்டுலயும் பொறுக்கித்தான் பிள்ள ஒலையில போடுதேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. "சின்னவன் தட்டுல ஒண்ணு ரெண்டு கெடந்தாலும் எந்திச்சுப் போயிருதான். நான் சொன்னா நம்ப மாட்டேங்கான். ஒன் வீடியோவ அவனும் பாத்திருக்கான்லா."

அவ்வளவுதான் பேசினார். அதோ கீழே, வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிறார் பாருங்கள்.

நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே. உங்கள் கார்டுக்கு என்ன? பெயர் சேர்க்கவா? அந்த ஃபார்மைக் காட்டுங்கள்.

...சீனி கார்டாக மாற்றவா?

எதற்கு அக்கா? வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று போட்டிருக்கிறது. அரிசியே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். அரிசிக்குப் பதிலாகச் சீனியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஒரு தடவை மாற்றிவிட்டால் திரும்ப அரிசிக் கார்டு வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும் தெரியுமா?

ஃபோனில் என்ன? காட்டுங்கள்.

இது என் கிண்ணம். இது என் கை. குரலும் என்னுடையதுதான். மேலே உங்கள் ஊர்ப் பெயரை யாரோ எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் ஒரு கடைக்கார அம்மா இருப்பாரே, அவரை... கேட்டீர்களா? சண்டை போட்டுவிட்டா வந்தீர்கள்?

அக்கா, அது உங்கள் ஊரே இல்லை. இவ்வளவு நேரம் சொன்னேனே, அந்த வீடியோதான் இது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆபீஸருக்குப் பயந்து மாற்றிப் பேசுகிறேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை அக்கா. அது சத்து அரிசி. உடம்பில் ரத்தம் ஊறத்தான் கலக்கிறார்கள். எங்கள் அக்கா ஒருத்தி, ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்தாள். உதடெல்லாம் வெளுத்து, நாலு படி ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வரும். டாக்டரே கையை விரித்துவிட்டார். இந்த அரிசியைத்தான் வடித்துக் கொடுத்தோம், வேறு ஒன்றுமே இல்லை. இரண்டே மாதம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நம்பாமல் இரண்டாம் தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தாள். பிள்ளை மூன்று கிலோ, ரோஜாப்பூ மாதிரி...

ஃபார்மை மடித்துவிட்டீர்கள்.

இல்லை அக்கா. விரியுங்கள் அதை. எனக்கு அக்கா கிடையாது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இப்போதுதான், பேசப் பேசத்தான் அவள் வந்தாள். நீங்கள் கண்ணெடுக்காமல் கேட்டீர்களா, நர்ஸும் வந்துவிட்டாள்.

கோபப்படுங்கள். அது சரிதான். ஆனால் நான் சொன்னேன் என்று மடிக்கவும் வேண்டாம், நான் சொன்னேன் என்று கொடுக்கவும் வேண்டாம்.

இப்போது நாற்பத்தொன்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். பஸ் இன்னும் வரவில்லை. கீழே போய் வடிவு அக்காவிடம் கேளுங்கள், அந்த அரிசி என்னவென்று. பன்னிரண்டு வருடம் கையில் அளந்தவர். உங்கள் நம்பர் வந்தால் நான் நின்று இடம் பிடித்து வைக்கிறேன். சீக்கிரம் போங்கள்.

நான் கூட வரவில்லை அக்கா. வந்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன்.